யாருடைய எச்சில்

துளிரின் கீழ்ப்பல்லில் தேய்த்த தாள் ஊதாவாக மாறியபோது சண்முகக்கனி எண்பத்திரண்டு வரை எண்ணியிருந்தாள். நூறு எண்ணும் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மிச்சப் பதினெட்டையும் எண்ணினாள். அதற்குள் நிறம் இறங்கிவிடாதா என்ற நப்பாசைதான். இறங்கவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மறுபடியும் தேய்த்துப் பார்த்தாள். அது இன்னும் அடர்த்தியாகக் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

எதிரே ஆதிரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முகத்தை இடதுபக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று மாதமாகப் பிள்ளையின் முகத்துக்கு நேரே மூச்சு விடாமல் பழகிய கழுத்து அது.

"யக்கா, என்னத்துக்கு ரெண்டாவது தாளு?"

சண்முகக்கனி தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இருக்காதுக்கா," என்றாள் ஆதிரை. கத்தவில்லை. கடைக்காரர் வேறு யாருடைய சாமானையோ நம்மிடம் கட்டிக் கொடுத்தால் சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னாள். "எம்பிள்ளைக்கு இருக்காது. நல்லாப் பாருங்க."

நல்லாத்தான் பார்த்தாயிற்று. நாலு மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. அதற்கு முன் ஏழு வருஷத்தில் இந்த மையத்தில் ஒரு ஊதாத் தாளைக்கூடச் சண்முகக்கனி பார்த்ததில்லை. இப்போது என்ன வந்தது இந்தத் தாய்மார்களுக்கு என்று கோபம் வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் பால்பல் காப்புத் திட்டம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கடலைமிட்டாய் ஊர். இங்கே பிள்ளைகளுக்கு அம்மா என்று சொல்ல வருவதற்கு முன்பே வெல்லப்பாகின் ருசி தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் திட்டத்தின் முதல் வருஷத்துப் பிள்ளைகள் இன்றைக்கு அஞ்சாம் வகுப்பு படிக்கிறார்கள், ஒருத்தர் வாயிலும் சொத்தை கிடையாது. பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கைக் காலி செய்துவிட்டு அதே இடத்தில் மூக்குக்கண்ணாடி விற்கிறார். அதனால் திட்டத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

புதிதாகச் சேரும் தாய்மார்களுக்குச் சண்முகக்கனி ஒரு பாடம் நடத்துவாள். துளிருக்கு எட்டாம் மாதத்தில் முதல் பல் தலைகாட்டியதும் காப்புச் சொட்டுப் போட்டாள்; பாடத்தை அவள் வயிற்றில் இருக்கும்போதே ஆதிரைக்கு நடத்திவிட்டாள்.

"பிள்ள பிறக்கையில வாயி காலி வீடு தாயி. பல்லு மொளச்ச பொறவுதான் குடிவர எடம் கெடைக்கும். மொதல்ல யாரு வாராகளோ அவுகளுக்குத்தான் வீடு. நம்ம வாயில இருக்கே பழைய கிருமி, அது இனிப்பத் தின்னுட்டு புளிப்பக் கக்கும். அந்தப் புளிப்புதான் பல்ல அரிக்கிது. இந்தச் சொட்டுல இருக்கது அதோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோ. இனிப்பத் திங்கும், புளிப்பக் கக்காது. தம்பி மொதல்ல போயி உக்காந்துட்டாம்னா ரெண்டர வயசு வரைக்கும் நீ வாசல்ல காவல் நின்னாப் போதும். அதுக்கு மேல அண்ணன் வந்து தட்டுனாலும் கதவு தெறக்காது."

"அண்ணன் எந்த வழியாக்கா வருவான்?"

"உன் வாயி வழியாத்தான். உம் புருசன் வாயி வழியா. வீட்டுல இருக்கவுக வாயி வழியா."

ஆகவே முத்தம் கூடாது. சோற்றை ஊதி ஊட்டக் கூடாது. சூடு பார்த்த கரண்டி பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது. கீழே விழுந்த சூப்பியைத் தன் வாயில் போட்டுச் சுத்தம் பண்ணிக் கொடுக்கக் கூடாது. பிள்ளை நகத்தைப் பல்லால் கடித்துவிடக் கூடாது. தப்பித்தவறிப் பழையதும் புதியதும் ஒரே வாயில் சேர்ந்துவிட்டால், பழையதின் புளிப்பும் புதியதின் பிடிவாதமும் சேர்ந்த ஒரு கலப்புக் கிருமி கிளம்பும் என்று மேலே உள்ளவர்கள் பயந்தார்கள். அதனால் வாரா வாரம் பல்லில் தாளைத் தேய்த்துப் பார்ப்பார்கள்; பழைய கிருமி இருந்தால் ஊதாவாகும், ஊதாவானால் பிள்ளை அன்றைக்கே திட்டத்தின் காப்பில்லத்துக்குப் போக வேண்டும். நாற்பது நாள். கிருமி வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்பதால் வீட்டு ஆட்கள் கிட்டப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

சண்முகக்கனி இந்த விதிகளைச் சம்பளத்துக்காகச் சொல்கிறவள் அல்ல. மனசார நம்பினாள். அவள் அப்பா எட்டயபுரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். சாயங்காலம் பையில் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் இல்லாமல் வீட்டுக்கு வர மாட்டார். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது இரண்டு: அரித்துப்போன பல்வரிசையும், எண்ணுவதில் கை வேகமும். நாற்பத்தேழு வயதில் அவளுக்கு வாயில் பாதிப் பல் இல்லை. மீதிப் பாதி இருப்பதே பாரம். இடதுபக்கம் மட்டும் மெல்லுவாள். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சிரிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பிள்ளை இந்தப் பாடு படக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள்.

அந்தக் கை வேகமும் வேலைக்கு உதவியது. முன்பெல்லாம் தாள்கள் தனித்தனி உறையில் வந்தன. இப்போது நூறு நூறாகக் கட்டி அனுப்புகிறார்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மெல்லிய தாள். மற்ற மையங்களில் அதைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது என்று புலம்புவார்கள். சண்முகக்கனி காலையில் மையத்தைத் திறந்ததும் அன்றைக்கு வேண்டியதை விறுவிறுவென்று எண்ணித் தட்டில் அடுக்கிவிடுவாள். அதற்குப் பிறகுதான் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, முகமூடி கட்டுவாள். சுத்தத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் காப்பில்லத்து வண்டி வந்தது. ஆதிரை பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை மதியம் தாய்மார் கூட்டம். அதில் மூன்று மாதமாக ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குத் தாள் ஊதாவானால் அந்தத் தாய் எழுந்து நின்று, எங்கே கைதவறினாள் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் அல்லவா? இது விதிப்புத்தகத்தில் இல்லை. சண்முகக்கனியின் சொந்த யோசனை. மற்ற மையங்களும் பார்த்துப் பிடித்துக்கொண்டன.

முதலில் நின்றவள் ரோஸ்லின். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா" என்று அழுதாள். சண்முகக்கனி விடவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் "ஒருவேள தூக்கக் கலக்கத்துல முத்தம் குடுத்திருப்பேன்போல" என்று சொல்லவைத்தாள். நாற்பது நாள் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் ரோஸ்லின் தூங்கும்போது வாயில் துணி கட்டிக்கொண்டு படுக்கிறாள் என்று பேச்சு. அடுத்து மேலத்தெரு முப்பிடாதி. அவள் ஒரு கேள்விக்கே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டால் சீக்கிரம் உட்காரலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆதிரை நின்றாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அவ பிறந்ததுல இருந்து ஒரு முத்தம் குடுத்ததில்ல. நெத்தியில கூட. நெத்தியில குடுத்தா வாயிக்கு எறங்கிருமோன்னு."

"அப்ப கிருமி ஆகாசத்துல இருந்தா வந்துச்சு?"

"தெரியல. வட்டார ஆய்வகத்துல யாரு வாயி கிருமின்னு கண்டுபிடிக்காகளாம்லா, புதுசா? அதப் பண்ணச் சொல்லுங்க. எங்க வீட்டுல எல்லாரு எச்சியும் எடுங்க."

ஆதிரையின் ஜாக்கெட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரமாகியிருந்தது. முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு நின்றாள். சண்முகக்கனி வேறுபக்கம் பார்த்தாள்.

*

எச்சில் எடுக்கச் சண்முகக்கனி ஆதிரை வீட்டுக்குப் போனபோது வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. ஆதிரையின் புருஷன் இசக்கிராஜா தீப்பெட்டி லாரி ஓட்டுகிறவன். அவனுடைய அக்கா கோமதியும் கூடவே இருக்கிறாள். கல்யாணம் ஆகாதவள். துளிரைக் குளிப்பாட்டி, உடுத்தி, பவுடர் போடுவதெல்லாம் அவள்தான்.

"போன மாசம் நகத்தக் கடிச்சு விட்டத நான் பாத்தேன்," என்றாள் ஆதிரை, யார் முகத்தையும் பார்க்காமல்.

"கடிக்கல. நகவெட்டி வச்சுத்தான் வெட்டுனேன். பிசிறு நின்னத கையால கிள்ளுனேன்," என்றாள் கோமதி. "அந்தப் பிள்ளைய நானா கெடுப்பேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

"பாக்கையில வாயிகிட்ட கொண்டு போனியளா இல்லையா?"

"கண்ணு தெரியலன்னு கிட்டக் கொண்டு போனேன்!"

இசக்கிராஜா திடீரென்று எழுந்தான். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. நாந்தான். ஒரு நா லோடு எறக்கிட்டு வந்தேன், பிள்ள சிரிச்சா, ஒரு முத்தம் குடுத்துட்டேன். போதுமா? எழுதிக்கோங்க மதினி."

சண்முகக்கனிக்குப் பொய் சொல்கிறவர்களைத் தெரியும். ஏழு வருஷம் கேள்வி கேட்டவள். அவன் பொய் சொல்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆதிரைக்கும் தெரிந்தது. ஆனால் கோமதி நம்பிவிட்டாள். "என்னையப் பழி சொல்லவிட்டு இத்தன நாளு வாய மூடிட்டா இருந்த?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள். மறுநாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு சாத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சண்முகக்கனி பின்னால் கேள்விப்பட்டாள்.

மூன்று குப்பிகளில் எச்சில் வாங்கி, மூடி, பெயர் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். யாராவது ஒருத்தர் பெயர் வந்துவிடும், இந்தத் தலைவலி தீரும் என்று நினைத்தாள்.

*

துளிரைக் கொண்டுபோன பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, ஆய்வகத்திலிருந்து டாக்டர் வைதேகி போனில் கூப்பிட்டார்.

"சண்முகக்கனி, அந்த வீட்டுல யாரோடதும் இல்லை."

"நல்லாப் பாத்தியளா டாக்டர்?"

"மூணு தடவை பாத்தாச்சு. கிருமிக்கும் கைரேகை மாதிரி அடையாளம் இருக்கு. ஒருத்தர் வாயில இருக்குறது இன்னொருத்தர் வாயில இருக்காது. அந்த வீட்டு ஆளுங்க மூணு பேரோடதும் பொருந்தலை. அதனால சந்தேகப்பட்டு, முன்னாடி வந்த ரெண்டு பிள்ளைங்க மாதிரியையும் எடுத்துப் பாத்தேன். மூணு பிள்ளைங்க வாயிலயும் இருக்குறது ஒரே ஆளோடது."

"ஒரே ஆளா?"

"ஒரே ஆள். வேற வேற தெரு, வேற வேற குடும்பம். மூணு பிள்ளைங்களையும் தொடுற ஆள் யாரோ உங்க ஊர்ல இருக்காங்க. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினாள். பால் ஊற்றுகிறவர். ஐஸ் வண்டிக்காரர். பிள்ளைகளுக்கு மொட்டை போடுகிற நாவிதர். ரோஸ்லின் பிள்ளைக்கு இன்னும் மொட்டை போடவில்லை என்று நினைவு வந்து அதை அடித்தாள். ஐஸ் வண்டிக்காரர் மேலத்தெருவுக்குப் போவதில்லை. அதையும் அடித்தாள். பால்காரர் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போகிறவர், பிள்ளைகளைத் தொடுவதில்லை. கடைசியில் ஒருவரும் மிஞ்சவில்லை. யாரோ ஒரு கிறுக்கு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை முத்தமிடுகிறதோ என்று நினைத்தாள். மையத்தின் ஜன்னலைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலை. இன்றைக்கு இருபத்தாறு பிள்ளைகள். கட்டைப் பிரித்தாள். ஆனி மாதத்துக் காற்றில் தாள்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளினாள். நான்காவது நகரவில்லை. கட்டைவிரல் உதட்டுக்குப் போய் நாக்கு நுனியைத் தொட்டுவிட்டு வந்து நான்காவது தாளைத் தள்ளியது. ஐந்து, ஆறு, ஏழு. மறுபடியும் கட்டைவிரல் கிளம்பியது.

பாதி வழியில் நின்றது.

சண்முகக்கனி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஈரம். காலை வெளிச்சத்தில் மினுங்கியது. அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது இப்படித்தான் செய்வார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, விரலை நாக்கில் தொட்டு, சர்ரென்று ஒரு டிக்கெட். சின்னப்பிள்ளையில் அதைப் பார்த்து அவளும் நோட்டுத் தாளைக் கிழித்து டிக்கெட் விளையாடியிருக்கிறாள். டிக்கெட்டெல்லாம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. விரல் மறக்கவில்லை.

தட்டில் அடுக்கியிருந்த தாள்களைப் பார்த்தாள். எல்லாம் பிள்ளைகள் வாய்க்குப் போகிற முனை இந்தப்பக்கமாக, அழகாக, வரிசையாக.

உட்கார நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்தாள். தனித்தனி உறை போய்க் கட்டு வந்தது எப்போது? மாசி மாதம். ரோஸ்லின் பிள்ளைக்கு ஊதாவானது பங்குனிக் கடைசியில்.

வாசலில் தாய்மார் வரத் தொடங்கியிருந்தார்கள். "தாளு ஈரமாயிட்டு. அடுத்த வாரம் வாங்க," என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அன்றைக்குச் சொன்னதில் பாதி உண்மைதான்.

*

தன் எச்சிலைத் தானே குப்பியில் பிடித்து, பஸ் ஏறி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குப்பியில் பெயர் எழுதவில்லை. வியாழக்கிழமை டாக்டர் வைதேகி நேரில் வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இது உங்களோடதுதானே?"

"ஆமா டாக்டர். பொருந்துதா?"

"பொருந்துது."

தாள் பிரிக்கும் விதத்தைச் சண்முகக்கனி சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டார். காய்ந்த எச்சில் தாளின் நிறத்தை மாற்றாது, அதனால்தான் வேறு பிள்ளைகளுக்கு ஊதா காட்டவில்லை என்றார். ஆனால் வாரா வாரம் துளித்துளியாகப் போனால் இடம் பிடித்துவிடும். மற்ற பிள்ளைகளுக்குக் காப்புக் கிருமி முன்பே நன்றாக வேர்விட்டிருந்தது. இந்த மூன்றுக்கும் அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாயிருமா டாக்டர்?"

"உண்மையைச் சொல்லட்டுமா? கலப்புக் கிருமி உண்டாகலை, அது பெரிய நிம்மதி. ஆனா பழையது போகாது. நாப்பது நாள் மருந்து போட்டாலும் அமுங்கும், அப்புறம் தலைதூக்கும். அவங்க பல்லுல இனிமே இருக்கப்போறது உங்க கிருமிதான். ஆயுசுக்கும்."

சண்முகக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேளுங்க. கட்டுத்தாள் எட்டு மாவட்டத்துக்குப் போயிருக்கு. விரலை நாக்குல தொடுற ஆள் நீங்க ஒருத்தர் மட்டுமா இருப்பீங்க? இது வெளிய வந்தா நாளைக்கு ஒரு தாயும் சொட்டுப் போட வர மாட்டா. பதினோரு வருஷ வேலை மண்ணாப் போயிரும். நான் மேல எழுதி, மறுபடியும் தனி உறையில அனுப்ப வச்சிடறேன். நடந்தது நடந்துபோச்சு. உங்க அறிக்கையில 'மூலம் தெரியவில்லை'ன்னு போட்டு முடிச்சிடலாம்."

"அப்படிப் போட்டா துளிரு?"

"நாப்பது நாள் முடிச்சுட்டு வருவா. இன்னும் இருபத்திநாலு நாள். அப்புறம் ஆறு மாசம் கண்காணிப்பு, அம்மா ஊட்டக் கூடாது, கூடப் படுக்கக் கூடாது. மூலம் தெரியலைன்னா வீட்டு மேலதான் சந்தேகம், விதி அதுதான்."

"மூலம் வீட்டுக்கு வெளியன்னு எழுதுனா?"

"உடனே வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா பேர் இல்லாம அப்படி எழுத முடியாது."

டாக்டர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சண்முகக்கனிக்கு அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டைவிரலை முந்தானை நுனியில் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்தாள். வேலை போகும். ஊர் தூற்றும். ரோஸ்லின் புருஷன் கல்லெடுத்து அடித்தாலும் அடிப்பான். இவ்வளவையும் நினைத்தாள். வாயில் துணி கட்டிக்கொண்டு தூங்குகிற ரோஸ்லினையும் நினைத்தாள்.

*

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். ஆதிரை வீட்டு முடிவு வந்துவிட்டது என்று எப்படியோ தெரிந்திருந்தது. சண்முகக்கனி உள்ளே நுழைந்ததுமே ஆதிரை தானாக எழுந்து நின்றாள். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. இன்றைக்கு ஜாக்கெட்டில் ஈரம் இல்லை. பால் வற்றிவிட்டது.

"உக்காரு தாயி," என்றாள் சண்முகக்கனி.

"பரவால்லக்கா. சொல்லுங்க. யாருன்னு வந்துச்சு?"

"உக்காரு. இன்னைக்கி நாந்தான் நிக்கணும்."

யாருக்கும் புரியவில்லை. வாரா வாரம் அவள் நின்றுகொண்டுதானே பேசுகிறாள்? ரோஸ்லின் மட்டும் மடியில் இருந்த பிள்ளையைச் சற்று இழுத்துப் பிடித்தாள்.

சண்முகக்கனி முகமூடியைக் கழற்றினாள். கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, எல்லோரும் பார்க்கத் தள்ளிக் காட்டினாள். அப்புறம் சொன்னாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அப்பாவின் பஸ்ஸில் தொடங்கினாள். பிறகு கட்டுத்தாள், குப்பி, ஆய்வகம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "ரோஸ்லின், நீ ஒண்ணும் பண்ணல தாயி. தூக்கத்துலயும் பண்ணல. நாந்தான் உன்னையச் சொல்ல வச்சேன். முப்பிடாதி, நீயும் இல்ல." இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. மறைக்கவும் இல்லை.

ரோஸ்லின் அழ ஆரம்பித்தாள். பின்னால் இருந்து யாரோ "இவுகளைப் போயி சாமி மாதிரி நெனச்சமே" என்றார்கள். இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். இனி வருவார்களா தெரியாது.

ஆதிரை எழுந்திருக்கவில்லை. யோசித்து யோசித்துக் கேட்டாள்.

"அப்போ எம்பிள்ள வாயில மொதல்ல பட்ட எச்சி ஒங்களோடது."

"ஆமா தாயி."

"நான் பதிமூணு மாசம் குடுக்காம வச்சிருந்தேன். நீங்க சொன்னீங்கன்னு."

சண்முகக்கனி அறிக்கைத் தாளை எடுத்து, 'மூலம்' என்ற இடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதி, அவள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள்.

*

சனிக்கிழமை காலை துளிர் வீட்டுக்கு வந்தாள். விடுவிப்புத் தாளில் கையெழுத்து வாங்குவது சண்முகக்கனியின் கடைசி வேலை. திங்களிலிருந்து அவள் வர வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டது. வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தாள். இசக்கிராஜா அக்காவை அழைத்துவரச் சாத்தூர் போயிருந்தான். ஆதிரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கழுத்து பழையபடி இடதுபக்கம் திரும்பியே இருந்தது.

"இனி அப்படித் திருப்ப வேண்டாம் தாயி. காப்பு போயிட்டு. உன் இஷ்டம்போல வச்சுக்கலாம்."

"தெரியும். வண்டியில வந்தவுக சொன்னாக." ஆதிரை நகரவில்லை. "ஒங்க பையில டார்ச் இருக்கும்லா?"

"இருக்கு."

"குடுங்க." வாங்கிக்கொண்டாள். "வாயத் தெறங்க."

சண்முகக்கனியின் கை தன்னால் வாய்க்குப் போனது. ஆயிரம் பிள்ளைகளிடம் அவள் சொன்ன வார்த்தை அது. கையைக் கீழே இறக்கினாள். பட்டப்பகலில், தெருவைப் பார்த்த வாசலில் நின்றுகொண்டு வாயைத் திறந்தாள்.

ஆதிரை டார்ச்சை அடித்துப் பார்த்தாள். அவசரமே படவில்லை. மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய். இல்லாத பல்லை எண்ணினாள், இருந்து கறுத்த பல்லை எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது. துளிரும் அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மொதப் பல்லு எத்தன வயசுல சொத்தையாப் போச்சுக்கா?"

"ஆறு."

"வலிச்சுதா?"

சண்முகக்கனி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வந்து நின்றதைத் துடைக்கவில்லை.

"சரி," என்றாள் ஆதிரை. டார்ச்சை அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "காலையிலும் சாயந்தரமும் தேச்சு விடணும். மிட்டாய் குடுக்கக் கூடாது. எங்கம்மா காலத்துல எப்படிப் பாத்துக்கிட்டாகளோ அப்படித்தான். நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு, அங்கே இன்னொருத்தி நிற்பதையே மறந்தவள்போல், பிள்ளையை இடுப்பிலிருந்து தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பதின்மூன்று மாதத்தில் முதல்தடவையாகத் தன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள்.

துளிர் அந்த முகம் வருவதைப் பார்த்தாள். உடனே சமத்தாகத் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள். முகம் கிட்ட வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சண்முகக்கனி அவளுக்குப் பழக்கியிருந்தாள்.